நாலாம் பக்கத்துச் சகோதரி

ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை பேசிக்கொண்டேதான் இருந்தாள். வாந்தி நின்றுவிட்டதா, இடதுபக்கம் சாய்ந்து படுக்கிறீர்களா, வீட்டில் யார் சமையல் என்று. என் தங்கையின் வயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டே திரையைக் காட்டி, "இதோ முதுகெலும்பு, முத்துக் கோத்த மாதிரி இருக்கு பாருங்க" என்றாள். நான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து பார்த்தேன். முத்துச் சரம்தான். பிறகு கருவி மேலே போனது. ஓரிடத்தில் நின்றது. சாய்ந்தது, நேரானது, மறுபடி சாய்ந்தது. அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"என்னங்க, வால் கீல் இருக்கா?" என்றாள் தங்கை. பயம் வந்தால் கேலி பேசுவது அவள் வழக்கம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "டாக்டரைக் கூட்டிட்டு வந்துடறேன்மா" என்று எழுந்தவள், போகும்போது திரையை எங்கள் பக்கமிருந்து மெல்லத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் வயதான அம்மாள். சுற்றி வளைக்கவில்லை. குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, மூளையும் வளரவில்லை என்றார். இதயம் நன்றாகத் துடிக்கிறது, கைகால் அசைகிறது. பிறக்கக்கூடும். பிறந்தால் சில நிமிடம், மிஞ்சினால் சில மணி நேரம். "கடைசிவரைக்கும் சுமக்கலாம். இல்ல, இப்பவே முடிச்சுக்கலாம். சட்டத்துல ரெண்டுக்கும் இடம் இருக்கு. ஆனா ரெண்டுலயும் குழந்தை தங்காதும்மா. இதை நான் இப்பவே சொல்லிடணும்" என்றார். தங்கை வயிற்றில் தடவியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. தலை பின்னியது, பள்ளியில் கையெழுத்துப் போட்டது, அவள் பெரியவளானபோது கதவுக்கு வெளியே நின்று என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவள்தான் காரணம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள்தான் சொல்லிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் நானும் அவளும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுவோம். அவள் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டபோது, "பாத்துடி, வீட்டுக்குள்ள வந்ததும் கதவைச் சாத்து, இல்லன்னா மாப்பிள்ளை உருகிடுவார்" என்றேன். அவர் உருகக்கூடிய ஆள்தான், நல்லவர். ஏழு வருஷத்தில் இரண்டு முறை மூன்றாம் மாதமே கலைந்தது. மூன்றாவது இது. ஐந்தாம் மாதத்தைத் தாண்டியதும், இந்தப் பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடப்போகிறது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். என் ஆபீஸ் என்பது ஒரு சின்ன அச்சகம். கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், எங்கள் சபையின் மாதத் தாள்.

ஸ்கேன் முடிந்து ஆறாம் நாள், திங்கட்கிழமை மதியம் அவள் அச்சகத்துக்கு வந்தாள். நான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன். தொடவில்லை.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன்க்கா."

எனக்குப் புரிந்தது. புரியாதவள்போல, "மறுபடி ஸ்கேனா?" என்றேன்.

"இல்ல."

பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம். "இன்னும் நாலு மாசம்தானே. சுமந்து பெத்துக் கையில வாங்கு. குடுத்தவர் எடுத்துக்கட்டும். அதுல நம்ம கை படவேணாம்" என்றேன்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். கவுண்டர்ல உக்காந்திருக்கேன்க்கா." அவளுக்குத் தபால் ஆபீசில் வேலை. "தபால்தலை வாங்க வர்றவங்க எல்லாரும் வயித்தப் பாத்துச் சிரிக்கறாங்க. எப்ப தேதின்னு கேக்கறாங்க. நான் தேதி சொல்றேன். ஒரு அம்மா, பையனா இருந்தா என்ன பேர்னு கேட்டாங்க. அதுக்கும் ஒண்ணு சொன்னேன். நாலு மாசம் இப்படிச் சொல்லிட்டே இருக்கணுமா?"

"ஜெபம் பண்ணியா?"

"பண்ணாம இருப்பேனா. ஆண்டவர் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆனா பக்கத்துல இருந்தார். அது மட்டும் தெரிஞ்சுது." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ கூட வர்றியா? உள்ள வரவேணாம். வெளிய பெஞ்சுல உக்காந்திரு, போதும்."

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அந்தப் பாவத்துக்கு என்னால காவல் உக்கார முடியாது" என்றேன்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி. யார்கிட்டயும் சொல்லிடாத" என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை போய்த் திரும்பி, "சாப்பாடு ஆறிடுச்சு பாரு, சாப்பிடு" என்றாள்.

புதன்கிழமைதோறும் பிற்பகலில் சபையின் பக்கவாட்டு அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாக ஜெபக் குறிப்பு சொல்வோம். மகனுக்கு வேலை, மாமியாருக்குச் சர்க்கரை. என் முறை வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு நெருக்கமான ஒருத்தி, வயித்துல இருக்கிற பிள்ளையை நாளைக்குக் கலைக்கப் போறா. அவ மனசு மாறணும்" என்றேன். பேர் சொல்லவில்லை. பேர் எதற்கு, எனக்கு இருப்பது ஒரே தங்கை. சுற்றியிருந்தவர்கள் என் தோளைத் தொட்டு ஜெபித்தார்கள். நான் அழுதேன், மனசு லேசானது. ரகசியம் ஒன்றை இறக்கிவைத்தால் மனசு லேசாகத்தான் இருக்கும், அது யார் தலையில் போய் உட்கார்ந்தது என்பது வேறு விஷயம்.

வியாழன் காலை தங்கையும் மாப்பிள்ளையும் பையோடு கதவைத் திறந்தபோது, வாசலில் பாஸ்டரும் சபை மூப்பர்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். இதை மாப்பிள்ளைதான் பிறகு சொன்னார். பாஸ்டர் கோபமாகப் பேசவில்லையாம், கைகூப்பிக் கெஞ்சினாராம். பாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் தினம் வந்து படுக்கைக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். அவருக்கும் ஒரு குழந்தை பிறந்தது, இதயத்தில் பாதி இல்லாமல். டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லியும் பெற்றுக்கொண்டார்கள். பதினோரு நாள் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்க மேடையில் அந்தப் பதினோரு நாளைச் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் அவர் குரல் அதே இடத்தில் உடையும். கருக்கலைப்புக்கு உள்ள காலவரம்பைப் பன்னிரண்டு வாரமாகக் குறைக்க மசோதா ஒன்று வந்ததும், எங்கள் ஊர்ச் சபைகளையெல்லாம் திரட்டிக் கையெழுத்து வாங்கக் கிளம்பியவர் அவர்தான். அரசியல் ஆசை கிடையாது. அந்தப் பதினோரு நாளுக்கு ஒரு அர்த்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தங்கை கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லையாம். "யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாளாம். பாஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். "முடிஞ்சுது அண்ணி. வெளிய கூட்டிட்டு வர்றப்போ அந்த பெஞ்சப் பாத்தா. ரெண்டு தரம் திரும்பிப் பாத்தா. அதச் சொல்லணும்னு தோணுச்சு." வைத்துவிட்டார். நான் நான்குமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாலு முறையும் மாப்பிள்ளைதான் கதவைத் திறந்து, தூங்குகிறாள் என்றார். கடைசி முறை உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு வந்தாள். கடைசி வரிசையில், தூண் ஓரமாக. நான் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்று ராப்போஜனம், அப்பமும் திராட்சரசமும் சபையார் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நாள். அப்பத் தட்டோடு மூப்பர் ஒருவர் வரிசை வரிசையாக வந்தார். கடைசி வரிசையில் அவளிடம் வந்தபோது அவள் கை நீட்டினாள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு, மறதியில் செய்வதுபோல, அடுத்தவரிடம் தட்டைக் கொண்டுபோனார். பாஸ்டர் சொல்லிச் செய்தாரா, தானாகவே செய்தாரா, எனக்குத் தெரியாது. நீட்டிய கையை அவள் அப்படியே கொண்டுபோய் முன்பெஞ்சின் முதுகில் வைத்து, அங்கே இல்லாத தூசியைத் தட்டினாள். என் கையில் அப்பத்துண்டு இருந்தது. எழுந்துபோய் அதை அவளுக்கும் பிட்டுக் கொடுத்திருக்கலாம். வாயில் போட்டுக்கொண்டேன். திராட்சரசமும் வந்தது, குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் சபைப் பக்கம் வரவில்லை.

மசோதா பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்க, நாடாளுமன்றக் குழு ஒன்று நகர மண்டபத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. அங்கே விநியோகிக்க நாலு பக்கத் தாள் ஒன்றைப் பாஸ்டர் அச்சடிக்கக் கொடுத்தார். முதல் மூன்று பக்கம் எப்போதும் உள்ளவை. கருவிலேயே நம்மை அறிந்தவர் என்ற பைபிள் வசனத்திலிருந்து தொடங்கி, சபைகளின் தீர்மானம்வரை. நாலாம் பக்கம் அவர் கைப்பட எழுதியது. 'ஒரு சகோதரியின் கதை' என்று தலைப்பு. தபால் துறையில் பணிபுரியும் ஒரு சகோதரி, விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள், ஐந்து மாதக் குழந்தையை இழக்கத் துணிந்தாள், இன்று மனம் வருந்திக் கண்ணீர் வடிக்கிறாள்.

நான் அதைத் தட்டச்சு செய்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். 'தபால் துறையில்' என்பதை எடுத்துவிட்டு 'அரசுப் பணியில்' என்று போட்டேன். அதையே அவளுக்குச் செய்த பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டேன். மனம் வருந்துகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அவளோடு பேசி இரண்டு மாதமாயிற்றே. வருந்துகிறாள் என்று படித்தபோது, எங்கோ ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வருந்தினால் திரும்பி வந்துவிடுவாள். ஐயாயிரம் பிரதி ஓடியது.

கட்டுகளை வாங்கிப்போகப் பாஸ்டரின் மனைவி வந்தார், பாஸ்டர் அம்மா என்போம். அதிகம் பேசாத மனுஷி. பிரசங்கத்தில் அந்தப் பதினோரு நாள் வரும்போதெல்லாம் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவார், நானே கவனித்திருக்கிறேன். மேலிருந்த தாளை எடுத்து நின்றபடியே நாலாம் பக்கத்தைப் படித்தார்.

"அவ பாத்தாளா இதை?"

"இல்லம்மா."

தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். "எங்க பிள்ளைக்கு மூச்சு விடவே முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ள போயிட்டு வரும். பதினோரு நாளும் நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். அவர் அதைச் சாட்சின்னு சொல்றார். அவருக்கு அது சாட்சிதான், நான் இல்லன்னு சொல்லல. எனக்கு என்னன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." தாளைக் கட்டின்மேல் திருப்பி வைத்தார். "மறுபடி அப்படி ஒண்ணு வந்தா, பெத்துக்கத்தான் செய்வேன்னு நெனக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு கை நீட்டினப்போ நான் எந்திரிச்சிருக்கணும்."

"நானும்" என்றேன். கட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காரில் வைத்தோம்.

நகர மண்டபத்துக்கு நாங்கள் இரண்டு பஸ்ஸில் போனோம். மசோதாவை எதிர்ப்பவர்களும் வந்திருந்தார்கள். பதாகைகளை உள்ளே விடவில்லை, இரு தரப்பு அட்டைகளும் வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. மேடையில் ஏழு பேர். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் மைக் முன்னால் போய் மூன்று நிமிடம் பேசலாம். ஒரு வக்கீல் பேசினார். ஒரு கல்லூரி மாணவி பேசினாள். பாஸ்டர் பேசினார். குரல் அதே இடத்தில் உடைந்தது. கூட்டமே அசையாமல் கேட்டது.

முப்பத்தொன்று என்று கூப்பிட்டபோது எழுந்தவளின் நடையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை, நடக்கக் கற்றுக்கொடுத்த கால். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் தபால் ஆபீஸ் அடையாள அட்டை. இளைத்திருந்தாள். கையில் எங்கள் தாள்.

"இதுல நாலாம் பக்கத்துல ஒரு சகோதரி இருக்காங்க" என்று ஆரம்பித்தாள். "அது நான்தான்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் அம்மா மடியிலிருந்த தாளை மடித்தார்.

"நான் விசுவாசி. அன்னிக்குக் காலையிலயும் ஜெபம் பண்ணேன், இன்னிக்கும் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். மனம் வருந்திக் கண்ணீர் வடிக்கிறான்னு இதுல போட்டிருக்கு. கண்ணீர் நெஜம். என் பொண்ணு போயிட்டா, அழாம என்ன செய்வேன். ஆனா வருந்தறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. என்னை யாரும் கேக்கல." தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் செஞ்சது சரின்னு சொல்றதுக்கு இங்க வரல. தப்பான்னும் எனக்குத் தெரியல. ஒருநாள் ஆண்டவர் முன்னால நிப்பேன், அப்ப அவர்கிட்டயே கேட்டுக்கறேன். அதுக்கு முன்னால அதை உங்க மேஜையில வச்சுத் தீர்த்துடணுமா, அது மட்டும் நீங்க யோசிங்க. என் வாசல்ல அன்னிக்கு நாலு பேர் வந்து நின்னாங்க. எல்லாரும் நல்லவங்க. ஆனா ஒருத்தராவது உள்ள வந்து உக்காந்து, என்னம்மா ஆச்சுன்னு கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன்."

நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்றார் தலைவர். "போதுங்க" என்றாள். எதிர்த்தரப்பு வரிசையில் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுபோயிற்று. பாஸ்டர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். பாஸ்டர் அம்மா முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்.

வெளிப்படிகளில் அவளைப் பிடித்தேன். கையைத் தொட்டேன். உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அந்தப் பக்கத்தை நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"தெரியும். அரசுப் பணின்னு இருந்துச்சு. பாஸ்டருக்கு அதெல்லாம் தோணாது." சாலையைப் பார்த்தாள். "புதன்கிழமை சொன்னதும் நீதான்னு தெரியும். கோவம் இருக்குக்கா. நீ மன்னிப்புக் கேக்காத, கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். எனக்கு இப்ப சொல்லவேணாம்."

படிகளில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாகக் கேட்டிருக்கவேண்டியதை, மைக்கில் அவள் வாயால் தெரிந்துகொண்ட பிறகு கேட்டேன். "பொண்ணா?"

"ம்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு, வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற குரலில் சொன்னாள். "நர்ஸ் சின்னதா ஒரு தொப்பி போட்டுக் குடுத்தாங்க, கண்ணு வரைக்கும் இறக்கி. அதுக்குக் கீழ எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. நகம்கூட இருந்துச்சு. காலு உன் காலுதான். ரெண்டாவது விரல் பெருசு. அவரு பாத்துட்டு, அண்ணி காலுடின்னார். அழுதுட்டு இருந்தவ சிரிச்சுட்டேன். உனக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்துச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். என் தலைமேல் கை வைக்கவில்லை, விட்டுப் போகவும் இல்லை. அவளுடைய நிழல் என் மடியில் விழுந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் வேலை வேன் வந்து படிக்கு நேராக நின்றது. பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டிய பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று படுத்திருந்தது. அவர் இறங்கவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் பரப்பியிருந்த சாமான்களை எடுக்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டரைக் காலடியில் வைத்தார், கருவிப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தங்கை இறங்கிப்போய் ஏறினாள். ஏறியவள் ஜன்னலோரம் உட்காராமல் நடுவில் நகர்ந்து, கியர் கம்பிக்கு இடம் விட்டு முழங்காலைச் சேர்த்துக்கொண்டாள். முன்னால் ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

உள்ளே முப்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள். வேனின் கதவு திறந்தே இருந்தது. பின்னால் வந்த பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறு என்பதுபோல அசைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த அதிர்வில் அந்தக் கதவு மெல்ல மெல்ல ஆடியது.